சாக்லேட்டைக் கடிக்காமல் உருகவிடுங்கள்: காயிலிருந்து கோப்பை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நகத்தளவு டார்க் சாக்லேட் துண்டு ஒன்றை நாக்கின் நடுவில் வைத்து வாயை மூடிக்கொள்ளுங்கள். பல் படக் கூடாது. முதல் பத்து விநாடி பெரிதாக ஒன்றும் தெரியாது. வழவழப்பான கூழாங்கல்லை வாயில் போட்ட மாதிரி இருக்கும். அப்புறம் விளிம்புகள் மெல்ல வழுக்கத் தொடங்கும். கூராக இருந்த மூலைகள் மழுங்கும். கொஞ்ச நேரத்தில் மொத்தத் துண்டும் நெகிழ்ந்து நாக்கு முழுக்கப் பரவிவிடும். கசப்பு, இனிப்பு, லேசான புளிப்பு, எங்கிருந்தோ ஓர் உலர்திராட்சை வாசனை, எல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

சாக்லேட்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. இதில் கை வைத்த ஒவ்வொருவரும், வாயில் அது என்ன செய்கிறது என்பதைத்தான் விடாமல் துரத்தியிருக்கிறார்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளின் பழைய நாகரிகத்தவர்களான மாயா மக்களும் அஸ்டெக்குகளும் நுரையைத் துரத்தினார்கள். பின்னால் வந்த ஐரோப்பியர்கள் வழவழப்பைத் துரத்தினார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கட்டியை வாங்குவது, எப்படி வைப்பது, எப்படி உருக்குவது என்பதெல்லாம் ஓரளவு தானாகவே விளங்கிவிடும். அதனால் வரலாற்றையும் சுவைக்கும் முறையையும் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்தே எழுதுகிறேன். கையில் ஒரு நல்ல டார்க் சாக்லேட் கட்டியை வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

படி 1: காயைத் தெரிந்துகொள்ளுங்கள்

கொக்கோ மரம் நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறக்குறைய 20 பாகைக்குள் மட்டுமே நன்றாக வளரும். நிழல், ஈரம், வெப்பம் மூன்றும் வேண்டும். இதன் பூக்கள் கிளை நுனியில் பூக்காமல், நேராக அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் ஒட்டிக்கொண்டு பூக்கும். பூ ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். மகரந்தச் சேர்க்கை செய்வது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு வகைச் சிறு ஈ. பூக்கும் பூக்களில் மிகச் சில மட்டுமே காயாகும். காய் முற்ற ஐந்தாறு மாதம் பிடிக்கும்.

காயை வெட்டினால் உள்ளே வெள்ளைச் சதை போர்த்திய 20 முதல் 50 விதைகள் வரிசையாக இருக்கும். அந்தச் சதை தித்திப்பும் புளிப்புமாக இருக்கும். சாக்லேட்டின் சாயல் துளியும் இருக்காது. விதையைக் கடித்தாலோ கசப்பும் துவர்ப்பும் வாயைக் கட்டிவிடும். சாக்லேட் மணம் வருவது அதற்கப்புறம் நடக்கும் வேலையில்.

அந்த வேலையின் முதல் கட்டம் புளிக்கவைப்பது. சதையோடு சேர்த்து விதைகளைக் குவித்து வாழை இலையால் மூடுவார்கள், அல்லது மரப்பெட்டியில் போட்டு வைப்பார்கள். முதலில் ஈஸ்ட் சதையின் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். குவியலைக் கிளறிவிட்டதும் காற்று புகும். பாக்டீரியாக்கள் அந்தச் சாராயத்தை வினிகர் அமிலமாக்கும். குவியலின் சூடு 45 டிகிரியைத் தாண்டி 50 வரை போகும். விதையின் முளை செத்து, உள்ளே செல்கள் உடைந்து, பிற்பாடு மணமாக மாறப்போகும் பொருட்கள் அங்கேதான் உருவாகின்றன. ஐந்து முதல் ஏழு நாள் இது நடக்கும். பிறகு வெயிலில் காயவைப்பது.

சாக்லேட்டின் தரத்தில் பாதிக்கு மேல் இந்தக் குவியலிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். சரியாகப் புளிக்காத விதையை எந்தத் தொழிற்சாலையும் காப்பாற்ற முடியாது. வறுக்கும்போது எழும் அந்த மணத்துக்கான அடித்தளம் போடப்படுவது விவசாயியின் தோட்டத்தில்.

காய்ந்த விதை ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். 100 கிராம் எடையுள்ள 70 சதவீத டார்க் சாக்லேட்டுக்குச் சுமார் இரண்டு காய்களின் விதைகள் வேண்டும். கட்டியைப் பிரிக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். மூன்று துண்டு வாயில் போட்டால் அரைக் காய் போய்விடும்.

படி 2: முதலில் இது குடிக்கும் பொருள் என்பதை நினைவில் வையுங்கள்

சாக்லேட்டின் கதையில் பெரும்பகுதி கோப்பையில்தான் நடந்திருக்கிறது. கட்டியாகத் தின்னும் பழக்கத்துக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை.

மனிதர்கள் கொக்கோவைப் பயன்படுத்தியதற்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய தடயம், தெற்கு ஈக்வடாரில் சாந்தா ஆனா லா ஃப்ளோரிடா என்ற இடத்தில் கிடைத்தது. அங்கே தோண்டி எடுத்த பாத்திரங்களில் ஒட்டியிருந்த எச்சங்கள் சுமார் 5,300 ஆண்டுகள் பழமையானவை என்று 2018-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதற்கு முன்பு வரை மத்திய அமெரிக்காதான் தொடக்கம் என்று நம்பப்பட்டது. மேல் அமேசான் பகுதிக்குக் கதை நகர்ந்தது அப்போதுதான்.

ஆனால் கொக்கோவைச் சுற்றி ஒரு பண்பாட்டையே கட்டியவர்கள் மாயா மக்களும் அவர்களைச் சூழ்ந்திருந்தவர்களும். குவாத்தமாலாவில் ரியோ அசுல் என்ற இடத்தில் 1984-ல் ஒரு கல்லறையைத் திறந்தபோது, திருகி மூடும் மூடியுள்ள ஒரு மண்பானை கிடைத்தது. அதன்மேல் மாயா எழுத்தில் 'ககவ்', அதாவது கொக்கோ, என்று எழுதியிருந்தது. உள்ளே ஒட்டியிருந்ததைச் சோதித்ததில் கொக்கோவில் உள்ள தியோப்ரோமின் என்ற வேதிப்பொருள் இருப்பது தெரிந்தது. சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவருடைய இறுதிப் பயணத்துக்கு வழித்துணையாக வைத்த பானம் அது.

மாயா மண்பாண்டங்களில் ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பெண் நின்றபடி, உயரத் தூக்கிய பாத்திரத்திலிருந்து கீழே தரையில் இருக்கும் இன்னொரு பாத்திரத்துக்குக் கொக்கோவை ஊற்றுகிறாள். நுரை எழுப்புவதற்காக. நுரைதான் பானத்தின் மதிப்பு மிகுந்த பகுதி, அஸ்டெக்குகளிடமும் அப்படியே. சோளமாவு, மிளகாய், மணமான பூக்கள், வனிலா எல்லாம் சேர்ந்தன. கரும்புச் சர்க்கரை அந்தக் கண்டத்துக்கு அப்போது வந்திருக்கவில்லை.

கொக்கோ விதை பணமாகவும் புழங்கியது. மெக்சிகோவின் த்லாஷ்கலாவில் 1545-ல் அஸ்டெக்குகளின் நவாட்டில் மொழியில் எழுதிய ஒரு விலைப்பட்டியல் இன்றும் இருக்கிறது. ஒரு நல்ல பெட்டை வான்கோழிக்கு 100 முழு விதை. அப்போது பறித்த அவகாடோவுக்கு 3 விதை. பெரிய தக்காளிக்கு 1 விதை. பணம் என்று வந்தால் கள்ளப்பணமும் வருமே! வெற்றுத் தோலுக்குள் வேறு எதையாவது திணித்து நல்ல விதைபோல் விற்ற ஆட்களைப் பற்றி அக்காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன.

1502-ல் கொலம்பஸ் தன் நான்காம் பயணத்தில், ஹோண்டுராஸ் கரையோரம் ஒரு மாயா வணிகப் படகைக் கண்டார். அதிலிருந்த 'பாதாம்பருப்பு' போன்ற விதைகளில் ஒன்று கீழே விழுந்தாலும், தங்கள் கண்ணே விழுந்துவிட்டதுபோல் எல்லோரும் குனிந்து பொறுக்கினார்கள் என்று அவர் மகன் பின்னாளில் எழுதிய வரலாற்றில் வருகிறது. விதையின் அருமை கொலம்பஸ் குழுவுக்கு அப்போது விளங்கவில்லை.

ஸ்பெயினுக்குச் சாக்லேட்டைக் கொண்டுபோனவர் மெக்சிகோவைக் கைப்பற்றிய ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அதற்கு எழுத்துச் சான்று கிடையாது. சான்றுள்ள நிகழ்ச்சி வேறு. 1544-ல் டொமினிகன் பாதிரிமார்கள், குவாத்தமாலாவின் கெக்சி மாயா தலைவர்களை ஸ்பெயின் இளவரசர் பிலிப்பிடம் அழைத்துச் சென்றார்கள். அவர்கள் கொண்டுபோன பரிசுகளில் அடித்துக் கலக்கிய சாக்லேட்டும் இருந்தது. வணிகச் சரக்காக முதல் அதிகாரபூர்வ கப்பல் மெக்சிகோவின் வேராகுரூஸிலிருந்து ஸ்பெயினின் செவில்லாவுக்குப் போனது 1585-ல். அங்கே சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் சேர்ந்தன. 1657 வாக்கில் லண்டனில் சாக்லேட் விற்கும் கடை திறந்துவிட்டது. நோன்பு நாளில் சாக்லேட் குடிக்கலாமா என்று கத்தோலிக்கத் திருச்சபைக்குள் நீண்ட வாதம் நடந்தது. நீராகக் குடிப்பது நோன்பை முறிக்காது என்று கார்டினல் பிரான்காச்சோ 1662-ல் எழுதினார்.

படி 3: கட்டி எப்படிப் பிறந்தது என்று பாருங்கள்

சாக்லேட்டைச் சுவைக்கும் முறை மாறியதற்குக் காரணம் நான்கு கண்டுபிடிப்புகள். நான்கும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் வந்தவை.

கொக்கோ விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு. தண்ணீரில் கலக்கினால் அது மேலே எண்ணெயாக மிதக்கும். 1828-ல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் ஓர் அழுத்தி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது. அரைத்த விழுதை அதில் அழுத்தினால் கொக்கோ வெண்ணெய் எனப்படும் அந்தக் கொழுப்பில் பெரும்பங்கு பிரிந்துவிடும். மிஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் கொக்கோ பவுடர். அவர்கள் நோக்கம் நல்ல பானம். பிரிந்து வந்த வெண்ணெயை என்ன செய்வது என்பது அடுத்தவர்களின் யோசனைக்கு விடப்பட்டது.

1847-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஃப்ரை நிறுவனத்தார், கொக்கோவிலும் சர்க்கரையிலும் அதே வெண்ணெயை உருக்கி ஊற்றினார்கள். அச்சில் வார்க்கும் பதத்தில் விழுது கிடைத்தது. கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டி அங்கிருந்து பரவியது. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கட்டி என்பது, ஏற்கனவே வெண்ணெய் உள்ள பொருளில் இன்னும் வெண்ணெய் சேர்த்ததால் வந்தது. அதன் உயிரே அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது.

ஸ்விட்சர்லாந்தின் வெவே நகரில் டேனியல் பீட்டர் மெழுகுவத்தித் தொழிலிலிருந்து சாக்லேட்டுக்கு வந்தவர். பாலைச் சேர்க்கப் பல ஆண்டுகள் முயன்றார். பாலில் உள்ள தண்ணீரும் கொக்கோவின் கொழுப்பும் சேரவே சேராது, சேர்த்தாலும் கெட்டுவிடும். தண்ணீரை வெளியேற்றும் வழியைக் கண்டு 1875 வாக்கில் மில்க் சாக்லேட்டைக் கொண்டுவந்தார். அதே ஊரில் ஹென்றி நெஸ்லே பால் பொருட்கள் செய்துகொண்டிருந்தார். அந்த அண்டைவீட்டு உறவு பீட்டருக்கு உதவியது.

நான்காவதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. அதுவரை வந்த சாக்லேட் எல்லாம் வாயில் நறநறவென்று மணல்போல் இருந்தது. 1879-ல் பெர்ன் நகரில் ரொடோல்ஃப் லிண்ட், சிப்பி வடிவத் தொட்டியில் விழுதை உருளையால் மணிக்கணக்காக முன்னும் பின்னும் தேய்க்கும் இயந்திரத்தைச் செய்தார். பெயர் கான்ச். வெள்ளிக்கிழமை நிறுத்த மறந்து திங்கட்கிழமை வந்து பார்த்தார் என்று ஒரு கதை உண்டு; கதையாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பலன் நிஜம். நீண்ட நேரம் தேய்த்ததில் ஒவ்வொரு துகளையும் வெண்ணெய் போர்த்தியது, புளித்த வாடை ஆவியாகிப் போனது, விழுது தானாக ஓடும் பதத்துக்கு வந்தது. இன்றைய நல்ல சாக்லேட்டில் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு அரைபடுகின்றன. அதைவிடக் கணிசமாகப் பெரிதானால் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

இந்த இயந்திரங்களின் கதையோடு இன்னொரு கதையும் ஓடியது. 1900-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்குக் கொக்கோ தந்துகொண்டிருந்த, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் போர்ச்சுகல் ஆண்ட சாவ் தோமே தீவில், தொழிலாளர்கள் கிட்டத்தட்ட அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தார்கள். அது வெளியே வந்து, 1909-ல் கேட்பரி, ஃப்ரை, ரௌண்ட்ரீ நிறுவனங்கள் அந்தத் தீவின் கொக்கோவைப் புறக்கணித்தன. அதே காலத்தில் கானாவில் சிறு விவசாயிகள் கொக்கோ நட்டார்கள். டெட்டே குவார்ஷி என்பவர் 1870-களின் இறுதியில் அதே கடற்பகுதியில் உள்ள ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கொண்டுவந்த விதைகள் அதற்கு வழி திறந்தன. 1911-ல் கானா உலகின் முதலிடத்துக்கு வந்தது. இன்று ஐவரி கோஸ்ட், கானா இரண்டும் சேர்ந்து உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவிக்கின்றன. அந்தத் தோட்டங்களில் சிறுவர் உழைப்பை ஒழிக்க 2001-ல் நிறுவனங்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பிரச்சினை இன்னும் தீரவில்லை. 2024 டிசம்பரில், மோசமான பருவநிலையாலும் மரங்களைத் தாக்கும் வைரஸ் நோயாலும் விளைச்சல் சரிந்து, கொக்கோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. யாருடைய உழைப்பைச் சுவைக்கிறோம் என்று தெரிந்து சுவைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதனால் அடுத்த படியில் லேபிளின் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்கிறேன்.

படி 4: லேபிளைப் படித்து வாங்குங்கள்

முன்பக்கத்தைப் பார்க்க வேண்டாம். கட்டியைத் திருப்பி, சேர்க்கப்பட்ட பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். அதிகமாக இருப்பதுதான் முதலில் வரும். நல்ல டார்க் சாக்லேட்டில் கொக்கோ விழுது, சர்க்கரை, கொக்கோ வெண்ணெய் இருக்கும்; விழுதை இளக்கமாக ஓடவைக்கும் லெசிதினும் வனிலாவும் கொஞ்சம் இருக்கலாம். சர்க்கரை முதலில் நின்றால் அது சர்க்கரைப் பண்டம், கொக்கோ வாசனைக்கு மட்டும்.

பிறகு கொழுப்பு. கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பாமாயில் வகைக் கொழுப்பு சேர்த்தவற்றை 'காம்பவுண்ட்' என்பார்கள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வாயில் வித்தியாசம் தெரியும்: சட்டென்று நெகிழாமல், மெழுகு பூசிய மாதிரி அண்ணத்தில் தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தக் கொழுப்பு விஷயத்தில் நாடுகளுக்கு இடையே நெடுங்காலம் சண்டை நடந்தது. கடைசியில் வேறு தாவரக் கொழுப்பு 5 சதவீதம் வரை இருக்கலாம், ஆனால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்று முடிந்தது.

சதவீதம் பற்றி நிறைய குழப்பம் உண்டு. 70 சதவீதம் என்றால், கட்டியில் நூற்றுக்கு 70 பங்கு கொக்கோ விதையிலிருந்து வந்தது என்று பொருள். விழுதும் தனியாகச் சேர்த்த வெண்ணெயும் சேர்ந்த கணக்கு அது. மீதி 30 பங்கு பெரும்பாலும் சர்க்கரை. ஒன்றில் விழுது அதிகம், இன்னொன்றில் வெண்ணெய் அதிகம் என்றால், ஒரே 70 சதவீதமும் இரண்டு விதமாக இருக்கும்: ஒன்று கடுமையாக, மற்றது மென்மையாக. ஆகவே சதவீதத்தைத் தர அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இனிப்பு எவ்வளவு என்று மட்டும்தான் அது சொல்லும். 85 வாங்கி முகம் சுளித்துவிட்டு டார்க் சாக்லேட்டே பிடிக்கவில்லை என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 60, 65-ல் தொடங்குங்கள்.

வெள்ளை சாக்லேட்டில் கொக்கோ விழுது கிடையாது. வெண்ணெய், பால், சர்க்கரை மட்டும். அதைச் சாக்லேட் இல்லை என்று ஒதுக்குவது நியாயமில்லை என்று நினைக்கிறேன். கொக்கோ வெண்ணெய் எப்படி உருகுகிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை.

விதை எந்த நாட்டில், எந்தப் பகுதியில் விளைந்தது என்று போட்டிருந்தால் அதை எடுங்கள். விவசாயிக்கு என்ன கிடைத்தது என்று சொல்லும் தயாரிப்பாளர் இருந்தால் அவருக்கே முன்னுரிமை கொடுங்கள்.

படி 5: உடைத்து, முகர்ந்து, உருகவிடுங்கள்

வயிறு நிறைய சாப்பிட்ட உடனே வேண்டாம். வாயை வெதுவெதுப்பான தண்ணீரால் கொப்பளித்துக்கொள்ளுங்கள். சாக்லேட் அறை வெப்பத்தில், 20 டிகிரி பக்கத்தில் இருக்கட்டும். குளிர்ந்த கட்டி மணமே தராது.

மேற்பரப்பைப் பாருங்கள். சீரான மினுமினுப்பு இருக்க வேண்டும். காதருகே வைத்து உடையுங்கள்: 'டக்' என்று சுத்தமாக முறிந்தால் வெண்ணெய் சரியான படிகமாக உறைந்திருக்கிறது என்று அர்த்தம். மில்க் சாக்லேட் இவ்வளவு சத்தம் போடாது; பால் கொழுப்பு அதை மென்மையாக்கிவிடுகிறது. உடைந்த விளிம்பை உடனே முகருங்கள். புதிதாக உடைந்த முகத்தில்தான் மணம் அதிகம்.

இப்போது ஒரு சோதனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை நாக்கில் வைத்து உருகவிடுங்கள். இனிப்பும் கசப்பும் மட்டும் தெரியும். அது சாக்லேட் என்றே சொல்ல முடியாது. பாதி உருகியதும் மூக்கை விடுங்கள். வாயின் பின்புறம் வழியாக வாசனை மேலே ஏறி, ஒரே மூச்சில் எல்லாம் வந்து நிற்கும். முதல்முறை செய்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். சுவை என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு மூக்குடையது என்று புத்தகத்தில் படித்தது அன்றைக்குத்தான் உறைத்தது.

இது ஏன் உருகவிட்டால் மட்டும் நடக்கிறது? மணப் பொருட்களில் பெரும்பாலானவை கொழுப்புக்குள் சிறைப்பட்டிருக்கின்றன. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். உடல் வெப்பமோ 37. அந்த மூன்று டிகிரி இடைவெளிதான் எல்லாம். கடித்து விழுங்கினால் வெண்ணெய் உருகும் முன்பே தொண்டைக்குள் போய்விடும், மணமும் கூடவே போய்விடும்.

உருகும்போது மூன்று கட்டமாகக் கவனியுங்கள். தொடக்கத்தில் புளிப்பும் பழவாசனையும். நடுவில் வறுத்த கொக்கோ, கொட்டைப்பருப்பு, கேரமல். விழுங்கிய பிறகு ஒரு நிமிடம் வரை தங்கும் பின்சுவை. என் கணக்கில் சாக்லேட்டின் தரம் தெரிவது இந்தக் கடைசிக் கட்டத்தில். நல்லதாக இருந்தால் பின்சுவை நீண்டு, சுத்தமாக முடியும். மட்டமானது இனிப்பை மட்டும் விட்டுவிட்டு மறையும், அல்லது துவர்ப்பு வாயைக் கட்டும்.

படி 6: இரண்டை ஒப்பிடுங்கள்

ஒன்றை மட்டும் தனியாகச் சுவைத்தால் 'நன்றாக இருக்கிறது' என்பதைத் தாண்டிச் சொல்ல வராது. ஒரே சதவீதம், வெவ்வேறு நாடு என்று இரண்டு கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மடகாஸ்கர் விதையில் சிவப்புப் பழங்களின் துடிப்பான புளிப்பு வரும். ஈக்வடாரின் நாசியோனால் வகையில் பூமணம். கானா விதை, சாக்லேட் என்றதும் நினைவுக்கு வரும் அந்த ஆழமான கொக்கோ சுவை. எதுவும் வெளியிலிருந்து சேர்த்தது இல்லை. மரத்தின் இனம், மண், புளிக்கவைத்த விதம், வறுத்த பக்குவம் ஆகியவற்றின் கூட்டு.

பல கட்டிகள் இருந்தால் சதவீதம் குறைந்ததிலிருந்து மேலே போங்கள். மில்க் சாக்லேட்டைத் தனி நாளில் வைத்துக்கொள்வது நல்லது. இடையிடையே தண்ணீர். ஒரு நேரத்தில் நான்கு போதும். அதற்கு மேல் நாக்கு களைத்துவிடும்.

படி 7: சரியாக வையுங்கள்

15 முதல் 18 டிகிரி வரை, ஈரமில்லாத, வெளிச்சம் படாத இடம். கொழுப்பு பக்கத்திலிருக்கும் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் காற்றுப் புகாத டப்பா அவசியம். வெயில் கடுமையாகி ஃப்ரிட்ஜைத் தவிர வழியில்லை என்றால், நன்றாகச் சுற்றி டப்பாவில் வைத்து உள்ளே வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். டப்பாவோடு அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் மேலே நீர் கோர்க்காது.

மேலே சாம்பல் பூத்த மாதிரி வந்துவிட்டால் பூஞ்சை என்று எறிய வேண்டாம். விரலால் தேய்த்துப் பாருங்கள். மழமழவென்று உருகி மறைந்தால், வெப்பத்தில் இளகி வெளியே வந்த கொக்கோ வெண்ணெய் அது. காய்ந்து சொரசொரவென்று இருந்தால், ஈரத்தில் கரைந்து மீண்டும் உறைந்த சர்க்கரை. இரண்டுமே உடம்புக்குக் கெடுதி இல்லை. முன்னதை உருக்கிச் சமையலுக்குப் பயன்படுத்தலாம்.

வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். தியோப்ரோமினை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். டார்க் சாக்லேட் அதற்கு நஞ்சு.

படி 8: உருக்கி உறையவைக்கப் பழகுங்கள்

உருக்கும்போது முதல் எதிரி தண்ணீர். ஒருமுறை நீராவிப் பாத்திரத்தின் மூடியிலிருந்து ஒரே ஒரு துளி என் கிண்ணத்தில் விழுந்தது. பட்டுப்போல் ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் கண்ணெதிரே கெட்டிப்பட்டு, ஈர மணல்போல் திரண்டுவிட்டது. அந்தத் துளியில் சர்க்கரைத் துகள்கள் ஒட்டிக்கொண்டு விடுவதால் இப்படி ஆகிறது. அப்படி ஆனால் கட்டியாக வார்க்க முடியாது. சூடான பாலோ க்ரீமோ தாராளமாகச் சேர்த்துக் கிளறினால் நல்ல சாஸாக மாறிவிடும்.

மினுமினுப்போடு 'டக்' என்று முறியும் சாக்லேட் வேண்டுமானால் டெம்பரிங், அதாவது வெப்பத்தைக் கட்டுப்படுத்திச் சரியான படிகமாக உறையவைப்பது, செய்ய வேண்டும். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையும். நமக்கு வேண்டியது ஐந்தாவது மட்டும். தொல்லை இல்லாத வழி இது: டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, மூன்றில் இரண்டு பங்கை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் 45 முதல் 50 டிகிரிக்கு உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரில் படக் கூடாது. இறக்கி, அடியைத் துடைத்துவிட்டு, மீதிப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். உருகாத துண்டுகளில் ஏற்கனவே சரியான படிகம் இருக்கிறது. அதுதான் உறை மோர்போல் மற்றதைத் தன் வழிக்குக் கொண்டுவரும். 31, 32 டிகிரிக்கு வந்ததும் நிறுத்துங்கள். மில்க் சாக்லேட்டுக்கு 29, 30. கத்தி நுனியைத் தோய்த்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் மினுமினுப்பாகக் காய்ந்தால் தயார். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கைப்பழக்கம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 9: ஒரு கோப்பை கலக்குங்கள்

கொக்கோ பவுடரில் வெண்ணெய் குறைவு. கட்டியை உருக்கிச் செய்த பானத்தில் அது முழுதாக இருக்கும். இரண்டும் வேறு வேறு பானம். எனக்குக் கட்டியில் செய்ததுதான்.

200 மில்லி பாலுக்கு 40 கிராம், 65 அல்லது 70 சதவீத டார்க் சாக்லேட். பொடியாக நறுக்குங்கள். பாலைக் கொதிக்கவிடாமல், ஓரத்தில் குமிழ் வரும் வரை சுடவையுங்கள். முதலில் நான்கைந்து கரண்டி பாலை மட்டும் சாக்லேட்டில் ஊற்றி, கெட்டியாக, பளபளவென்று வரும் வரை கலக்குங்கள். பிறகு மீதிப் பாலையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேருங்கள். பாலுக்குப் பதில் தண்ணீரிலும் செய்து பாருங்கள். விதையின் பழவாசனை அதில் இன்னும் தெளிவாக வரும். பழைய முறைக்கு நெருக்கமும் அதுதான். கொஞ்சம் மிளகாய்த்தூளும் வனிலாவும் சேர்த்தால் இன்னும் நெருங்கிவிடும்.

கடைசியாக, அகலமான இரண்டு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மேலே தூக்கி, மற்றதைத் தாழ்த்திப் பிடித்து, அந்த மாயாப் பெண் செய்ததுபோல் உயரத்திலிருந்து ஆற்றுங்கள். ஐந்தாறு முறை போதும். நுரை அடங்குவதற்குள் குடித்துவிடுங்கள்.